மேர்லின் ஒப்பிட்ட மூன்று கப்பல்கள்

உங்களுக்கு வயது நாற்பத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. இருபத்து நான்கு வருடமாக ஒரே தொழிலைச் செய்கிறீர்கள். கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிவுசெய்யப் பயண முகவரின் அலுவலகத்துக்குப் போகிறீர்கள். மேசைக்கு அப்பால் இருப்பவர் உங்களைப் பார்க்கவில்லை. உங்களோடு வந்த அண்ணனைப் பார்த்து, "இவங்களுக்கு ஆர் பொறுப்பு?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோபித்துக்கொண்டு எழுந்து போவீர்கள். அல்லது உரத்த குரலில் நாலு கேள்வி கேட்பீர்கள். தேற்றாத்தீவு மேர்லின் இரண்டையும் செய்யவில்லை. அவருக்குக் காது கேட்காது. முகவரின் உதடு அசைந்த விதத்தையும், அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டியதையும் பார்த்து என்ன கேள்வி என்று புரிந்துகொண்டார். மேசையில் கிடந்த விளம்பரத் தாள் ஒன்றை இழுத்துப் பின்பக்கத்தில் எழுதினார்: "நான்தான்."

முகவர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். தாளை ஒதுக்கிவிட்டு இருவரும் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பு மேர்லினின் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது. மூன்று வாரம் உங்களுக்கும் எனக்கும் பெரிய விடயமாக இருக்காது. மேர்லினுக்கு அது சிறுவயதுத் தோழி மெலிண்டாவின் கண்ணில் எஞ்சியிருந்த வெளிச்சத்தின் ஒரு பங்கு.

மேர்லின் கட்டுப்பல் செய்பவர். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால், பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில் மெழுகோடும் சாந்தோடும் இருக்கிறார். காலையில் தன் ஊரான தேற்றாத்தீவில், கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறுவார், பிற்பகலில் திரும்பிவிடுவார். செய்த ஈறைத் தேய்த்து மினுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் முன்னறையில் காத்திருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கிளினிக் உதவியாளர் சதீசன் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார்.

"மேர்லின் அக்காக்குத்தான் யோகம். இந்தக் கீச்சுச் சத்தத்தில நாங்க பைத்தியம் பிடிச்சிச் சாகிறம், அவ உள்ளுக்க ஆடி ஆடி வேல செய்யிறா!"

உண்மைதான். இயந்திரத்தின் அதிர்வு மேசை வழியாக முழங்கைக்கு வரும். அதற்கு ஏற்றபடி மேர்லினின் தலை இலேசாக ஆடும். இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அவர் செய்த பற்களால் பாண் கடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், மேடையேறிப் பொய்யும் சொல்கிறார்கள். என் மேல்வரிசையில் இரண்டு அவருடைய கைவேலை. அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். நாங்கள் கதைப்பது எழுதித்தான். ஒரு பழைய பயிற்சிக் கொப்பி எங்களுக்கு நடுவில் கிடக்கும்.

நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய செவிப்புலன் போனது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளையில் இறங்கிவிட்டது என்றாராம். தாய் அதை நம்பி வருடக்கணக்காக நேர்த்தி வைத்தார், வெறும் வயிற்றோடு கிடந்தார். நான் இதைக் கேட்டு ஆத்திரப்பட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதினேன்: காய்ச்சலைக் கொண்டுவந்தது கிருமி, தடுப்பூசியும் நேரத்துக்கு மருந்தும் கிடைக்காமல் போனதற்கு யார் காரணம் என்பதல்லவா கேள்வி, அதைக் கேட்காமல் ஒரு தாயின் தலையில் பாவத்தைச் சுமத்தியவன் எப்படிப்பட்ட மனிதன்? மேர்லின் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டுக் கீழே எழுதினார்: "அந்த ஆளுக்குப் போன மாதம் மேல் கீழ் இரண்டும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். நல்லாகப் பொருந்தியது."

ஆறு வயதில் அவரைச் செவிப்புலனற்ற பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையில் விட்டார்கள். அங்கே அவருடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் மெலிண்டாவுடையது. மெலிண்டா மட்டக்களப்பு டச்பாரைச் சேர்ந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பிள்ளை; பிறவியிலேயே கேளாதவர். வகுப்பில் சைகை செய்வது தடை. வாயைத் திறந்து பேசப் பழக வேண்டும் என்று, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமரச் சொல்வார்கள். கேட்காத ஒலியைக் கேட்டுப் பழகச் சொல்லும் பாடம் அது. ஆகவே இரண்டு சிறுமிகளும் சாப்பாட்டு அறையிலும் கிணற்றடியிலும் தங்களுக்கென்று ஒரு மொழியை உண்டாக்கினார்கள். விடுதிப் பொறுப்பாளர் அம்மாவுக்கு ஒரு சைகை: கொண்டையை முறுக்கி மூக்கைச் சுருக்குவது. அவித்த முட்டைக்கு ஒன்று. 'பொய்யாக அழுகிறாள்' என்பதற்கு ஒன்று. இருநூறுக்கு மேல் இருக்கும் என்கிறார் மேர்லின். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்தவை.

இருபது வயதில் மெலிண்டா கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். கடிதங்கள் வந்தன, பிறகு நின்றன. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும் வசதி வந்தபோதுதான் இருவரும் மறுபடியும் கிடைத்தார்கள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மெலிண்டா அடிக்கடி, "திருப்பிச் சொல்லு, கையக் காணல்ல" என்று சைகை காட்டத் தொடங்கினார். மேர்லின் முதலில் இணைய இணைப்பைத்தான் திட்டினார். மெலிண்டாவின் மகள் பமீலா தாதியாக வேலை செய்கிறவர். அவர் எழுதினார்: அம்மாவுக்குச் செவிடு கொடுத்த அதே பரம்பரைக் கோளாறு இப்போது கண்ணுக்கு வந்திருக்கிறது; பார்வை ஓரத்திலிருந்து உள்ளே இருட்டிக்கொண்டு வருகிறது; ஒரு வருடமா, மூன்று வருடமா, வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. மெலிண்டா அதைத் தன் பாணியில் சொன்னார்: "முந்தி ஒரு காப்புக்குள்ளால பாக்கிற மாதிரி இரிந்திச்சி. இப்ப மோதிரத்துக்குள்ளால பாக்கிறன்."

காது கேட்பவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கண் போனால் நாம் இருட்டிலும் கதைக்கலாம். மேர்லினும் மெலிண்டாவும் கதைப்பது கண்ணால்தான். பார்வை முற்றாகப் போகுமுன் ஒருமுறை நேரில் உட்கார்ந்து கதைக்க வேண்டும். இருவருக்கும் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மெல்பேர்னிலிருந்து கொழும்பில் இறங்கி மட்டக்களப்புக்கு வந்து திரும்பப் பமீலாவின் ஒரு வார லீவு போதாது. சிங்கப்பூரில் சந்திக்கலாம் என்று முடிவாயிற்று. தெரு, படிக்கட்டு, கூட்டம் எல்லாம் மெலிண்டாவுக்குச் சிரமம். கப்பல் என்றால் ஒரே அறை, ஒரே நடைபாதை, பிடித்து நடக்கக் கம்பி. அதோடு மெலிண்டாவுக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது: "கண் இரிக்கக்கிளயே கடலப் பாத்து முடிக்கணும்." பமீலா சிங்கப்பூரிலிருந்து ஐந்து நாள் பயணம் போகும் மூன்று நிறுவனங்களின் விபரங்களை அனுப்பி, "ஆன்ட்டி, நீங்களே தெரிவுசெய்யுங்கள்" என்று எழுதினார்.

கப்பல் விளம்பரத்தில் நீங்களும் நானும் எதைப் பார்ப்போம்? நீச்சல் குளத்தை. சாப்பாட்டு மேசையை. மேர்லின் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் பயணிகள் விதிகளைப் பிரதியெடுத்துக்கொண்டு வந்தார். தெரியாத ஆங்கிலச் சொற்களைத் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். அது குழப்பிய இடங்களில் என்னிடம் கொப்பியை நீட்டினார். ஒரு அகலமான தாளில் மூன்று கட்டம் கீறி, மேலே நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகப் புகைபோக்கியின் நிறத்தைத் தீட்டினார்: சிவப்பு, வெள்ளை, நீலம். நானும் அப்படியே சொல்கிறேன். பெயர்கள் மாறிக்கொண்டிருக்கும். விதிகளுக்குள் இருக்கும் புத்திதான் கவனிக்க வேண்டியது.

சிவப்புக் கப்பலின் விதி இது: காது கேளாத பயணி, கேட்கும் திறனுள்ள வயதுவந்த ஒருவரோடு ஒரே அறையில் பயணம் செய்ய வேண்டும்; அவருக்கு அந்தத் துணையே பொறுப்பு. மேர்லின் அந்த வரியை விட்டுவிட்டு, அது இருந்த பந்தியை முழுதாகச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தனியே வரக்கூடாது என்று சொல்லும் அதே பந்தி. குழந்தை, செவிடு, இரண்டுக்கும் ஒரே விதி இலக்கம்.

வெள்ளைக் கப்பல் துணை கேட்கவில்லை. வைத்தியரிடம் தகுதிச் சான்றிதழும், ஒரு கையெழுத்தும் கேட்டது. அபாய மணி கேட்காததால் பயணிக்கு ஏற்படும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்பதற்கான கையெழுத்து. மேர்லின் அதன் கீழே தமிழில் சுருக்கி எழுதியிருந்தார்: "தீப்பிடித்தால் எழுப்ப மாட்டார்கள். செத்தபின் வழக்குப் போடக்கூடாது."

நீலக் கப்பலின் விதியை வாசித்தபோது எனக்கே நம்பக் கடினமாக இருந்தது. புறப்படுவதற்கு அறுபது நாளுக்கு முன்பு அறிவித்தால் போதும். அறையில் அபாய மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கும், தலையணைக்குக் கீழே அதிரும் கருவியும் வைப்பார்கள். கதவைத் தட்டினால் வெளிச்சம் வரும். பாதுகாப்புப் பயிற்சியை எழுத்தில் தருவார்கள். பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியே அதில் இல்லை.

மூன்றும் ஒரே கடலில் ஓடுகின்றன. ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, ஒரே செவிடு. ஒரு கப்பலால் தலையணைக்கடியில் வைக்க முடிந்த கருவியை மற்ற இரண்டால் வைக்க முடியாதா? முடியும். ஆளை மாற்றச் சொல்வது கருவி வாங்குவதைவிட இலேசு என்று நினைக்கிறவர்கள் எழுதிய விதி அது. இந்தப் புத்தி கப்பலில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மேர்லின் நீலத்தைத் தெரிவுசெய்தார். அதற்குப் பிறகுதான் குடும்பம் உள்ளே வந்தது.

பிறின்ஸ் மேர்லினின் அண்ணன். கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். தங்கை மேல் உயிர். ஆனால் அவருக்குத் தெரிந்த சைகைகள் நாற்பதைத் தாண்டாது. சாப்பிடு, வா, மழை வருகிறது, வேண்டாம். இதில் கடைசியைத்தான் அதிகம் பயன்படுத்துவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மனைவி றீற்றாவோடு செட்டிபாளையத்திலிருந்து வந்தவர், மேர்லின் கீறிய தாளைப் பார்த்தார்.

"இஞ்ச பாரு றீற்றா, சிவப்புக் கப்பல்காரனுக்கு அறிவிரிக்கி. ஒரு ஆள் கூடப் போகணுமாம். நான் போறன்."

"உங்களுக்குக் கப்பல் பாக்க ஆச எண்டு சொல்லுங்க" என்றார் றீற்றா. "மச்சாளுக்குத் தொண வேணுமா எண்டு மச்சாளிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா ஓம் எண்டா சொல்லுவாள்? தனியப் போய் வழி மாறினா ஆரிட்டக் கேக்கிற? கடலுக்க விழுந்தாக் கத்தவும் ஏலாது."

மேர்லின் கையை ஆட்டி இருவரையும் தன் பக்கம் திருப்பினார். பிறகு நெடுநேரம் சைகை செய்தார். பிறின்ஸ் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்று றீற்றா கேட்டார்.

"நான் வாறதுக்குச் சந்தோசமாம்."

"எனக்கு அப்பிடி விளங்கல்லயே. நீங்க கடலுக்க விழுந்தாத் தன்னால கத்த ஏலாது, அதால வர வேணாம் எண்டெல்லோ சொன்னா?"

மேர்லின் கடைசியில் விட்டுக்கொடுத்தார்; அண்ணனோடு சிவப்புக் கப்பலிலேயே போவதென்று ஆயிற்று. ஏன் என்று கொப்பியில் கேட்டேன். "அண்ணாவோடு சண்டை பிடித்தால் ஒரு மாதம் போகும். மெலிண்டாவிடம் மாதங்கள் இல்லை" என்று எழுதினார்.

இப்படித்தான் அண்ணனும் தங்கையும் நகரத்தில் இஷாம் என்ற பயண முகவரின் அலுவலகத்தில் போய் நின்றார்கள். கப்பல் இடையில் தரிக்கும் ஒரு நாட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியிருந்தது. இஷாம் கெட்டவர் அல்ல. சுறுசுறுப்பான, உதவி செய்யும் மனிதர்.

"அக்காக்குக் கேக்காதுதானே. அண்ணன்ட பேர முதல் விண்ணப்பதாரியாப் போட்டு, அக்காவத் தங்கி வாழ்றவங்களாப் போடுவம். ஒரே பைல். லேசா முடியும்."

"அப்பிடியே போடுங்க தம்பி. நான்தானே பொறுப்பு" என்றார் பிறின்ஸ்.

அப்போதுதான் மேர்லின் அந்த ஒற்றை வார்த்தையை எழுதினார், இருவரும் சிரித்தார்கள்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. இருவருக்கும் விசா மறுப்பு. காரணம் ஒரே வரியில் இருந்தது: முதல் விண்ணப்பதாரி தன் நாட்டுக்குத் திரும்பி வருவார் என்பதைக் காட்டும் வீடோ, நிலமோ, தொழிலோ அவர் பெயரில் இல்லை, ஆகவே அவரில் தங்கி வாழ்பவரின் விண்ணப்பமும் நிராகரிக்கப்படுகிறது.

மட்டக்களப்புப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று உடனே விளங்கியிருக்கும். எங்களிடத்தில் வீடு பெண்ணுக்குப் போகிறது. தாய்க்குப் பிறகு மகள். ஆண் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான். பிறின்ஸ் முப்பது வருடமாகக் கூரை மாற்றி, மதில் கட்டி, 'என்ட வீடு' என்று சொல்லிவரும் செட்டிபாளையம் வீட்டின் உறுதிப் பத்திரம் றீற்றாவின் பெயரில். அவர் பிறந்த தேற்றாத்தீவு வீட்டின் உறுதி மேர்லினின் பெயரில். கலியாணம் முடிக்காவிட்டாலும் பெண் பிள்ளை பெண் பிள்ளைதான் என்று தாய் எழுதிக் கொடுத்த வீடு. சீதனம் என்ற பெயரில் நடக்கும் பல அநியாயங்களுக்கு நான் பரம எதிரி. ஆனாலும் இந்த ஒரு பழக்கத்தால், பேசத் தெரிந்த அண்ணனிடம் ஒரு சாண் நிலம் இல்லை. பேசாத தங்கையிடம் வீடும் தொழிலும் இருந்தன. ஊரில் குடும்பத் தலைவர் என்று ஆணைக் காட்டுவோம், உறுதியைப் பெண்ணிடம் வைத்திருப்போம். இந்தக் குழப்பத்தை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

றீற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முப்பது வருசமா நான் சொல்லுறன் இது என்ட வீடெண்டு. நீங்க நம்பல்ல. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் ஒரு கடதாசியில நம்பிட்டான்!"

"சிரிக்காத" என்றார் பிறின்ஸ். "என்ன ஒரு நாடோடியாக்கிப் போட்டானுகள்."

"நாடோடி இல்ல. என்னில தங்கி வாழ்றவர். அப்பிடித்தானே அந்தத் தாளில எழுதணும்?"

பிறின்ஸ் அன்று பின்னேரம் முழுவதும் முற்றத்து வேலியைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே நின்றாராம். நான் அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. தங்கைக்குக் காவலாக இருப்பதே தன் வாழ்க்கையின் நல்ல காரியம் என்று நினைத்த மனிதர் அவர். அந்தக் காவல்தான் தங்கையின் பாதையில் குறுக்கே விழுந்து கிடக்கிறது என்று அறிவது யாருக்கும் கடினம்.

மேர்லினுக்கு வருந்த நேரம் இருக்கவில்லை. அடுத்த நீலக் கப்பல் புறப்பட அறுபத்தாறு நாள் இருந்தது. அன்றைக்கே நீலத்துக்கு எழுதினார். பமீலா தன் லீவை மாற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் பதில் வந்தது: கருவிகள் ஒதுக்கப்பட்டுள்ளன, முப்பது நாளுக்கு முன் விசாவைக் காட்ட வேண்டும். மறுநாள் மேர்லின் தனியே இஷாமின் அலுவலகத்துக்குப் போய், தானே நிரப்பிய படிவத்தை மேசையில் வைத்தார். முதல் விண்ணப்பதாரி: மேர்லின். தங்கி வாழ்பவர்கள்: இல்லை. வீட்டு உறுதி, பல் வைத்தியரின் கடிதம், வங்கிப் புத்தகத்தின் பிரதி. கூடவே அவரே எழுதிய ஒரு பக்கக் கடிதம். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: "முதல் விண்ணப்பத்தில் என் அண்ணன் எனக்குப் பொறுப்பாளர் என்று எழுதப்பட்டது தவறு. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரும் அன்பான விருந்தாளி."

இஷாம் வாசித்தார். எழுந்து நின்று, தன் தொலைபேசியில் தட்டி மேர்லினுக்குக் காட்டினார்: "அக்கா, அண்டைக்கு நான் உங்களப் பாத்துக் கேட்டிரிக்கணும். மன்னிச்சிக்கங்க."

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. படிவத்தில், அழைத்தால் குரலில் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கம் கட்டாயம். வேறு வழியின்றி அண்ணனின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் காலை விசா அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். விண்ணப்பதாரியிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். பிறின்ஸ் செட்டிபாளையம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாப் பதிலும் தெரியும். தங்கையின் வயது, தொழில், எதற்காகப் போகிறார், எப்போது திரும்புவார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். நாற்பது வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தார்: வைத்தியசாலையில், வங்கியில், பிரதேச செயலகத்தில்.

பக்கத்தில் நின்ற றீற்றா சொல்கிறார்: "அந்தாள் வாயத் திறந்தார், மூடினார். மீன்காரன் மீதிக் காச நீட்டிக்கிட்டு நிக்கான், இவர் வாங்கவும் இல்ல."

கடைசியில் பிறின்ஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அவவுக்காக நான் கதைக்கக் கூடாது சேர். அவ எழுதுவா. ஈமெயில் அனுப்புங்க" என்றார். அந்த அதிகாரி சரி என்றார்.

ஐந்து கேள்விகள் வந்தன. மேர்லின் கிளினிக்கின் பின்னறையில் இருந்தபடியே, கையில் ஒட்டிய சாந்தைக் கழுவிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் எழுதினார். கப்பல் புறப்பட முப்பத்தைந்து நாள் இருக்கையில் விசா கிடைத்தது.

சிங்கப்பூர்த் துறைமுக மண்டபத்தில் நடந்ததை மேர்லின் எனக்கு எழுதிக் காட்டவில்லை, நடித்துக் காட்டினார். மெலிண்டா வெள்ளைத் தடியோடு பமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேர்லின் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். இருவரும் அழுதார்கள். பிறகு மேர்லின் முகத்துக்கு முன் கையை உயர்த்திச் சைகை செய்தார். மெலிண்டாவுக்கு ஒரு விரல் மட்டுந்தான் தெரிந்தது. "பின்னுக்குப் போ" என்று கையைத் தள்ளினார் மெலிண்டா. ஓரடி. "இன்னும்." இரண்டடி. பயணிகளின் பெட்டிகள் இருவருக்கும் நடுவால் உருண்டு போயின. ஆறடி தள்ளி மேர்லின் நின்றபோது, அந்த மோதிர வட்டத்துக்குள் அவருடைய முகமும் இரண்டு கைகளும் சேர்ந்து வந்தன. மெலிண்டா பார்த்த முதல் சொல், "நீ கிழவியாப் போனாய்."

முதல் இரண்டு நாளும் ஆறடி தூரத்திலிருந்து கதைத்தார்கள். கைகளைச் சிறிதாக, நெஞ்சுக்கு அருகில் வைத்துக் கதைத்தார்கள். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியின்போது அபாய மணி அடித்தது. விளக்கு மின்னியது, மெலிண்டாவுக்கு அது தெரியவில்லை. ஆனால் தலையணைக்கடியில் இருந்த கருவி அதிர்ந்ததும் மெலிண்டா எழுந்து, மேர்லின் செருப்பைத் தேடுமுன் கதவருகே போய் நின்றுவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை மேல்தளத்தில் இருந்தபோது வெயில் இறங்கியது. வெளிச்சம் குறையக் குறைய மெலிண்டாவின் வட்டம் மங்கியது. மேர்லின் பாதி வசனத்தில் இருந்தார். மெலிண்டா கையை நீட்டித் துழாவி மேர்லினின் இரண்டு கைகளையும் பிடித்தார். விடவில்லை. 'சொல்லு' என்பதுபோல் அசைத்தார். மேர்லினுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் கை மேல் மெலிண்டாவின் கை இருக்க, கொண்டையை முறுக்கி மூக்கைச் சுருக்கினார். மெலிண்டாவின் கையும் கூடவே போய் மேர்லினின் மூக்கைத் தொட்டது. அடுத்த கணம் மெலிண்டா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

மீதி மூன்று நாளும் வெளிச்சம் இருந்தபோதும் கண்ணை மூடிக்கொண்டு பழகினார்கள். அவித்த முட்டை வந்தது. பொய் அழுகை வந்தது. சில சைகைகளைத் தொடுகைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். கண் போன பிறகும் கதைக்கலாம். இது அவர்களுக்கு யாரும் தந்த வரம் அல்ல. இரண்டு மூளைகள் உட்கார்ந்து கண்டுபிடித்த வழி.

ஆனால் இந்தத் தொடுகைப் பேச்சு தொலைபேசித் திரையில் நடக்காது. பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். ஆகவே மெலிண்டா வருகிறார். வருகிற கார்த்திகையிலிருந்து மூன்று மாதம் தேற்றாத்தீவில் மேர்லினோடு இருப்பார். பமீலாவுக்குப் பயம் இருந்தது. "எல்லா ஆபத்தையும் எழுதி அனுப்பு, நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்" என்று மேர்லின் கேட்டார். பமீலாவின் பட்டியலில் முதலாவது: மழைக்காலத்தில் வாவி பெருகினால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

மேர்லின் அந்தக் கேள்வியோடுதான் போன கிழமை கொப்பியை என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கத்தில் வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வருகிறது. முச்சக்கரவண்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள், கோயிலிலும் தேவாலயத்திலும் அறிவிக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பார்கள். இருவருக்கும் கேட்காது, ஒருவருக்குப் பார்வையும் மங்கிவரும். கதவைத் தட்டியும் பயனில்லை. பிறின்ஸ் செட்டிபாளையத்திலிருந்து ஓடிவந்து நிற்கிறேன் என்றார். அவர் வருவார். ஆனால் வெள்ளம் அவருடைய வீதியையும் மறிக்கும். மேர்லின் காவல் கேட்கவில்லை. வெளிச்சமும் அதிர்வும் குறுஞ்செய்தியும், வேலியைத் தாண்டி உள்ளே வந்து தோளைத் தொடும் ஓர் அயலவரும்தான் அவர் கேட்பது. அவருடைய வீதியில் இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் வீதியில் காது கேளாதவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், மாரி தொடங்குமுன் போய்க் கேளுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். அறிவித்தல் வந்தால் எந்த வாசலால் உள்ளே வரலாம், எப்படி எழுப்பலாம் என்று அவரிடமே, எழுதிக் கேளுங்கள். அந்தப் பெயரை உங்கள் கிராம சேவையாளரின் அனர்த்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். நாளைக்கு என்று வைக்காமல், இதை வாசித்து முடித்த கையோடு படலையைத் திறந்து வெளியே இறங்குங்கள்.